நாகப்பன் இருந்த இடம்

தசரதனின் சட்டையில் அமில வாடை அடித்தது. பெயின்ட் ஷாப்பிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாறி அன்றுதான் முதல் நாள்; அங்கே அட்டைப் பெட்டியும் மரத்தூளும் தவிர வேறொன்றும் கிடையாது. கஸ்தூரி சட்டையை மூன்று தண்ணீரில் அலசிப் பார்த்தாள். வாடை போகவில்லை. உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டான்.

"அங்கம்மா, சோறு போடு."

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் அவளைக் கஸ்தூரி என்றல்லாமல் வேறு பேர் சொல்லி அழைத்ததில்லை. ஆனால் அந்தப் பேர் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கையிலிருந்த சட்டை நழுவி வாளிக்குள் விழுந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர்கள் இருவரும் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு அந்த வருடம், 1974-ல், கம்ப்யூட்டர் வந்திருந்தது. தொழிலாளி ஒவ்வொருவருக்கும் டிஸ்க்கில் ஒரு பதிவு. பதிவுக்கு எட்டெழுத்துப் பேர். முதல் இரண்டு எழுத்து பிரிவைச் சொல்லும், மிச்சம் ஆளின் நம்பர். பேர் வைப்பதும் இடம் ஒதுக்குவதும் கஸ்தூரியின் வேலை. பிரிவு மாறினால் பேர் மாறும், பேர் மாறினால் புது இடம் வேண்டும். தசரதன் மாறியபோது அவனுடைய பழைய இடம் பெயின்ட் ஷாப்புக்கு வந்த புது ஆளுக்குப் போனது; டிஸ்க்கில் மிச்சம் கிடைத்தது ஒரே இடம்தான். அமிலத் தொட்டியில் விழுந்து செத்த நாகப்பனுடையது. அவன் பேரை அழித்துவிட்டு, அங்கே புருஷனை எழுதினாள்.

மறுநாள் காலை, ஏசியின் இரைச்சலும் பிரிண்டரின் தடதடப்பும் காதை அடைக்க, அந்த இடத்தில் இருப்பதை அச்சடித்துப் பார்த்தாள். மேலே தசரதன். அதற்குக் கீழே, பெரிய ஆங்கில எழுத்துகளில், நாகப்பன். மனைவி அங்கம்மா. விபத்து. மூன்றாம் நாள் மரணம்.

"பேரத்தான் அழிக்கிறோம்," என்றார் ஆபரேட்டர் சுலைமான். "எழுதுனது அங்கயே கெடக்கும். மேல வேற எழுதுனாதான் போவும்."

அவள் அந்த வரிகளின் மேல் வெற்றிடம் எழுதினாள். ஒருமுறையல்ல, நாலுமுறை. ஒவ்வொரு முறையும் அதே வரிகள் அச்சாகி வந்தன.

"இவருக்கு வேற எடம் குடுங்கண்ணே."

"எங்கம்மா கீது? ஒருத்தரத் தூக்குனாத்தான் இன்னொருத்தர வெக்க முடியும்."

அன்று சாயங்காலம் தசரதனின் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. தொட்டபோது தோல் ஈரக் காகிதம்போல் அவள் கையோடு வந்தது. விடிந்தபோது அவனால் எழ முடியவில்லை.

"தொட்டி சுடுது, அங்கம்மா."

மூன்றாம் நாள்.

கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள். பட்டியலில் அறுநூறு பேர். கொரட்டூர் தங்கவேல், இரண்டு பெண் குழந்தைகள். கேன்டீன் குப்பம்மா, கூட வயசான அம்மா. ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் ஒரு வீடு தெரிந்தது. விரல் இறங்கிக்கொண்டே வந்து அவளுடைய நம்பரில் நின்றது.

பதிவை மாற்றும் கார்டில் துளையடித்தாள். தன் பேரை அழித்தாள். தசரதனை அங்கே மாற்றி எழுதினாள்.

"இன்னாம்மா பண்ணிகினு கீற?" என்று சுலைமான் எழுந்து வருவதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

மழை. மேனாம்பேட்டுச் சேறு. ஒரு செருப்பு போனது. மற்றதை உதறினாள்.

கதவு திறந்திருந்தது. அமில வாடை இல்லை. அடுப்பில் உலை கொதித்தது. தசரதன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். கைகள் சுத்தமாக இருந்தன. விரல்களில் தோல் இருந்தது.

அவன் அரிசி களைந்தான். கையைத் துடைத்தான். இல்லாத முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினான்.

திரும்பினான்.

"யாரு?"

வாய் அவனுடையது. குரல் கஸ்தூரியுடையது.

"நான்தாங்க" என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்தது.