நெருஞ்சியின் ஏழாம் பாகம்

காலையில் மின்தூக்கி வரிசையில் நிற்கும்போதெல்லாம் பிலோமினா படிப்பாள். படிப்பாள் என்பதுகூடச் சரியில்லை, விழுங்குவாள். கடல் ஊருக்குள் வந்துவிட்டதால் சனமெல்லாம் அடுக்குமாடிக் கோபுரங்களில் ஏறிக்கொண்ட காலம் அது. லிப்ட் ஓட்ட மின்சாரம் பற்றாமல், வீட்டுக்கு இத்தனை சவாரி என்று அளந்து கொடுத்தார்கள். காத்திருப்பவர்கள் முணுமுணுக்காமல் இருக்கக் கோபுர நிர்வாகமே கண்படலத்தில், அதாவது விழியில் ஒட்டிக்கொள்ளும் லென்ஸில், இலவசமாகக் கதை அனுப்பியது. எழுதுவது ஆளல்ல, கதைப்பொறி.

நெருஞ்சி என்ற பதினாறு வயதுப் பெண்ணின் கதை அது. பூமிக்கடியில் ஒரு சுரங்க நகரம். மேலே வெயில் இருப்பதையே மறைக்கும் ஆட்சி. அதை எதிர்த்துக் கேட்கிறாள் இவள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வந்த தொடர்தான். ஐம்பத்திரண்டு வயது பிலோமினா ஆறு பாகங்களையும் திரும்பத் திரும்பப் படித்து, பாலைப் பொங்கவிட்டு, பருப்பைத் தீயவிட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டாம் மாடி முழுக்க இதே பைத்தியம். எதிர்வீட்டுச் சபுராவுக்கோ இவளைவிட ஒரு பிடி கூடுதல்.

அந்தச் சபுராதான் அன்று வரிசையில் இவள் தோளைத் தட்டினாள்.

"அக்கா, நெருஞ்சியைக் கொஞ்சம் விட்டுட்டு என்னைப் பாருங்க. இருபதாவது மாடிக்கு மேல லிப்டை நிறுத்தப் போறாங்களாம்."

"சும்மா பயமுறுத்துவாங்கடி."

"சும்மா இல்லக்கா. வெள்ளிக்கிழமை காலைல கீழ கூடத்துல உத்தரவைப் படிக்கிறாங்க. பாதி வீட்டுக்காரங்க நேர்ல வந்து வேணாம்னு கை தூக்கினா ரத்தாயிடும். உங்களுக்குக் கால் இருக்கு, மூச்சு வாங்கியாவது ஏறிடுவீங்க. எங்க வீட்டுக்காரரு என்ன பண்ணுவாரு?"

சபுராவின் கணவர் யாகூபுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மாலையானால் சக்கர நாற்காலியில் கீழே போய், படகுத்துறையில் கூட்டாளிகளோடு தேநீர் குடிப்பார். அது ஒன்றுதான் அவருக்கு வெளியுலகம்.

"வராம இருப்பேனா? நிச்சயம் வர்றேன்" என்றாள் பிலோமினா. மனதாரத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு காலில் செருப்பை மாட்டியபோது கண்படலம் மின்னியது. ஏழாம் பாகம் வந்திருந்தது. உடனே படிப்பவர்கள் 'முதல் வாசகர்'களாம். நெருஞ்சி பிழைப்பதா சாவதா என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டுமாம்.

நாலு பக்கம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். சுரங்க வாயிலில் நெருஞ்சி தனியாக நிற்கிறாள். துணைக்கு வருவதாகச் சொன்ன அண்டை அயலார் ஒருவரையும் காணோம். காவலர்கள் நெருங்குகிறார்கள். பிலோமினாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாவிங்களா! வர்றேன்னு சொல்லிட்டு இப்படிக் கழுத்தறுக்கிறீங்களே!" என்று வாய்விட்டே திட்டினாள்.

கதைப்பொறி அவள் முடிவைக் கேட்டது. அயலார் வரட்டும் என்று அழுத்தினாள். சுரங்க வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சனம் திரண்டு வந்து நெருஞ்சியைச் சூழ்ந்துகொண்டது. பிலோமினா தேம்பித் தேம்பி அழுதாள். பெரிய நியாயம் ஒன்றுக்குத் தானும் தோள் கொடுத்ததுபோல் அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

அப்போது லிப்ட் திறந்தது. யாகூபின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சபுரா வெளியே வந்தாள். அவர்களுக்குப் பின்னால் கதவு மூடி, விளக்கு அணைந்தது. யாகூப் கையை நீட்டிப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைசிச் சவாரி. எங்களோட சேர்த்து நாலஞ்சு பேருதான் வந்திருந்தாங்க" என்றாள் சபுரா.

"நான் கிளம்பிட்டேன் சபுரா... செருப்புகூட..."

சபுரா அவளுடைய ஒற்றைச் செருப்பையும் ஈரமான முகத்தையும் பார்த்தாள். கோபித்துக்கொள்ளவில்லை.

"ஏழாம் பாகமா? எனக்கும் வந்துச்சு. நான் தொறக்கல." நாற்காலியைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பியவள், தாங்க முடியாமல் நின்று கேட்டாள்: "நெருஞ்சி பொழச்சாளாக்கா?"

"பொழச்சுட்டா."

"எப்படி?"

பிலோமினா குனிந்து அந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினாள்.

"அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள்.