எஸ்-47 உடுத்திய முதுகு

போன் அலறியது.

தமிழ்வாணி எடுத்தாள்.

"கொலை விழும்மா... கொலை!"

மதுரையின் பெரிய சுங்குடி மொத்த வியாபாரி ராஜகுருவின் குரல்!

"என்னண்ணே ஆச்சு?"

"எஸ்-47! தீபாவளி வரைக்கும் எனக்கு மட்டும்னு சொன்ன டிசைன்! காலையில வண்டியூர் தெப்பக்குளத்துல ஒருத்தி அதைக் கட்டிக்கிட்டு ஜம்முன்னு நடந்து போறா!"

"யாருண்ணே?"

"முதுகுதான் தெரிஞ்சுச்சு. கார்ல இருந்து இறங்குறதுக்குள்ள மறைஞ்சுட்டா. ஆனா என் சரக்கு எம்புட்டுத் தூரத்துல இருந்தாலும் எனக்குத் தெரியும்! சாயங்காலத்துக்குள்ள ஆளைக் காட்டு. இல்ல... ஐநூறு புடவையும் கேன்சல்!"

டொக்!

தமிழ்வாணி ஸ்கூல் வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்தது இந்தச் சுங்குடிப் புடவை வெப்சைட். ஒரே தளம், இரண்டு வாசல். மொத்த வாசலில் கடைக்காரர்கள் பாஸ்வேர்டு போட்டு நுழைவார்கள். அங்கே டிசைனுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். சில்லறை வாசலில் யாரும் வரலாம்... ஆனால் அங்கே எஸ்-47 இல்லை.

"அப்புறம் எப்படி வெளிய போச்சு?" பார்சல் கட்டிக்கொண்டிருந்த கணவன் சிவபாண்டி கேட்டான்.

"நான்தான் அனுப்புனேன்."

"அடிப்பாவி!"

"இந்துப்ரியான்னு ஒருத்தி. எஸ்-47 ஒண்ணே ஒண்ணு வேணும்னு மெயில்ல கெஞ்சுனா..."

ஐநூறு கேட்பவர்கள் விலையைத்தான் கேட்பார்கள். இவள், 'எனக்கு நல்லா இருக்குமா?' என்று கேட்டிருந்தாள். அந்த ஒரு வரியில் தமிழ்வாணி இளகிப்போயிருந்தாள்.

"சில்லறையில வாங்குறவளுக்கு நம்பர் எப்படித் தெரியும்?"

தமிழ்வாணி சட்டென்று லேப்டாப்பை இழுத்தாள்.

பழைய மெயில்களைத் திறந்தாள். "இதுவரைக்கும் ஆறு புடவை வாங்கியிருக்கா. சாயம் போகுமான்னு கேக்கல. ஒண்ணைக்கூடத் திருப்பி அனுப்பல..."

"அப்ப அது பொம்பளையே இல்ல! எவனோ போட்டி வியாபாரி. காப்பி அடிக்கிறான்!"

பார்சல் விலாசத்தோடு இருவரும் மொபெட்டில் திருப்பரங்குன்றத்துக்குப் பறந்தார்கள்.

அழைப்பு மணி...

கதவு திறந்தது. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. மயில்கழுத்து நிறம், சிவப்புக் கரை...

எஸ்-47!

அவளுக்குப் பின்னால், சுவரில், போட்டோ சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்...

ராஜகுரு!

"நீ... நீங்க?" சிவபாண்டிக்கு நாக்கு குழறியது.

"அவர் சம்சாரம்தான். இந்துப்ரியா எங்க மக. கம்ப்யூட்டரும் மெயிலும் அவளோடது. உங்க போட்டோவை வெப்சைட்ல பார்த்திருக்கேன், உள்ள வாங்க."

"உங்க கடை நிறையப் புடவை இருக்கேக்கா!" என்றாள் தமிழ்வாணி.

"கட்டுக் கட்டா இருக்கும்மா. கட்டைப் பிரிச்சா சரக்கு பழசாயிரும்பார். ராத்திரி டிசைன் ஆல்பத்தை விரிச்சு நம்பர் நம்பரா பார்ப்பார், நானும் எட்டிப் பார்ப்பேன். உனக்கு எது பிடிச்சிருக்குன்னு இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை... ம்ஹூம்!"

"திருப்பி அனுப்பவே இல்லையே?"

"திருப்பி அனுப்பி, அந்தப் பணம் அவர் வீட்ல இருக்கும்போது தபால்ல வந்துட்டா?"

"ஆளைக் காட்டலைன்னா ஐநூறு புடவை ஆர்டர் கேன்சலாம். காலையில உங்களைப் பார்த்துட்டாருக்கா."

"தெரியும். திரும்பிப் பார்க்கலாமான்னு நினைச்சேன். புடவையைத்தானே பார்க்கிறார்னு விட்டுட்டேன்." சிரித்தாள். கண்கள் சிரிக்கவில்லை.

சொன்னால் இவள் வீடு கலவரம். சொல்லாவிட்டால் ஐநூறு புடவை காலி...

"நான் சொல்ல மாட்டேன்க்கா."

"ஏய்!" சிவபாண்டி பதறினான்.

"நீ எதுக்கும்மா சொல்ற?" அவள் போனை எடுத்துக் கடைக்குச் சுழற்றினாள். "என்னங்க... தெப்பக்குளத்துல பார்த்தது என்னைத்தான்."

அவர் வாயைத் திறக்குமுன் தொடர்ந்தாள்.

"ஆர்டரைக் கேன்சல் பண்ணுங்க, வேணாங்கல. ஆனா கட்டுன பொண்டாட்டி முதுகு தெரியலைன்னு சொந்தக்காரங்க அம்புட்டுப் பேருக்கும் இப்பவே போன் போடுவேன்!"

பிறகு ரிசீவரில், கொசு முனகுவதுபோல்...

"அறுநூறா அனுப்பச் சொல்லு."

தமிழ்வாணி பைக்குள் கைவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"அக்கா... மத்த மொத்த வியாபாரிங்க வீட்டு அக்காமாரு போன் நம்பரும் கொஞ்சம் குடுங்களேன்!"