தேய்ந்த ஊசி

ஊசியின் நுனி தேய்ந்திருந்ததில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ரெய்னோவுக்கு ஆச்சரியமில்லை. அது பளபளத்ததுதான் உறுத்தியது. தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் அந்தச் சின்ன ஊசி, முப்பது வருஷமாகத் துப்பாக்கியோடு பெட்டிக்குள் கிடந்தது என்று ஹெல்வி சொல்லியிருந்தார். அப்படியானால் தேய்ந்த இடம் கறுத்திருக்க வேண்டும்.

"என் வீட்டுக்காரர் சாமான், தம்பி. அழுத்துனா சத்தம் மட்டும்தான் வரும், சுடாது. சுட்டாத்தான் வாங்குவேங்கறான் வர்றவன்" என்று வைத்துவிட்டுப் போயிருந்தார் அந்த விதவை.

அரைகுறை வேலையை ரெய்னோ யாருக்கும் கொடுத்ததில்லை. குவோப்பியோ வட்டாரம் முழுக்க அந்தப் பெயர் அவருக்கு உண்டு, அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. எஃகுக் கம்பியைக் கடைந்து புது ஊசி செய்து மாட்டினார். மணல் பெட்டிக்குள் ஒரு தோட்டா சுட்டார். சுத்தமாக வெடித்தது. காலி செய்து, குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, இரும்பு அலமாரியைப் பூட்டிவிட்டுக் காபி ஊற்றிக்கொண்டார்.

வெளியே பிப்ரவரிப் பிற்பகலின் பனி நீலமாகிக்கொண்டிருக்க, அடுப்பில் பிர்ச் கட்டை வெடித்துப் புகைய, தலைக்கு மேலே பலகைத் தளத்தில் 'டொக்... டொக்...' என்று தடியூன்றும் சத்தம் கேட்டது. இடுப்பெலும்பு முறிந்து வாரக்கணக்காகப் படுத்திருந்த மனைவி இர்யா இன்றுதான் தனியாக நடக்கிறாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு 'டொக்'குகளுக்கு நடுவே, அலமாரிக்குள் ஏதோ 'க்ளிக்' என்றது. சற்றுப் பொறுத்து மறுபடி. அவசரமே இல்லாமல்.

திறந்தார். துப்பாக்கி நிமிர்ந்து சாய்ந்திருந்தது. குழல் கூரையைப் பார்த்தது. எடுத்துத் திறந்து பார்த்தார், காலிதான். அதை மேசைமேல் வைத்துவிட்டு ஹெல்விக்குப் போன் போட்டார்.

"உங்க வீட்டுக்காரர் இத என்னம்மா பண்ணிட்டு இருந்தாரு?"

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு உக்காந்து ஊசிய அரத்தால தேய்ப்பாரு. போன கிறிஸ்துமஸுக்கும் தேய்ச்சாரு, அப்புறந்தான் போய்ச் சேர்ந்தாரு. ஊசி குட்டையா இருக்கற வரைக்கும் நாம தப்பிச்சோம்பாரு. கிறுக்கு மனுஷன். ஏன் தம்பி, புதுசு போட்டுட்டியா?"

அவர் முதுகுக்குப் பின்னால் இரும்பு இரும்பின்மேல் வழுக்கி மூடிக்கொண்டது.

திரும்பினார். மேசைமேல் தோட்டாப் பெட்டி. இரண்டு குழி காலி. சுட்டது ஒன்றுதான்.

பாய்ந்து துப்பாக்கியை இரு கைகளாலும் பிடித்தார். திறக்க இழுத்தார். அசையவில்லை. குழல் மேலே எழுந்தது. முழு பலத்தோடு அமுக்கினார். எழுந்தது.

டொக். குழல் அந்தச் சத்தத்தின் பக்கம் ஒரு அடி நகர்ந்தது.

டொக். இன்னொரு அடி.

"இர்யா! நடக்காத! நில்லு!"

தடி நின்றது. குழலும் நின்றது.

"நின்னுட்டேன், நின்னுட்டேன்" என்று மேலே அவள் சிரித்தாள். "ஏன் இப்படிக் கத்துற? விழமாட்டேன் ரெய்னோ. எவ்வளவு நேரம் இப்படியே நிக்கணும்?"

அவர் விசைக்குப் பின்னால் தன் சுண்டுவிரலைச் செருகியிருந்தார். யாருமே தொடாத அந்த விசை, அவர் விரலெலும்பை மெல்ல நொறுக்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தது.