ஒரு கோப்பு அதிகம்

மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்தபடிதான் கணவர் கேட்டார். "பதிவையெல்லாம் டிஸ்க்குல போடட்டுமா, ஹார்ட் டிஸ்க்குலயே இருக்கட்டுமா? எது ரொம்ப நாள் தாங்கும்?"

அந்த வாரத்தில் பத்தாவது முறை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எதுலயாவது போட்டுத் தொலைங்க. எனக்கென்ன தெரியும்?"

"உத்தரவு மேடம்," என்று வெற்று டிவிடி டிஸ்க் வாங்கப் போனார். திரும்பும் வழியில் லாரி. டிஸ்க் பெட்டி மட்டும் கீறலில்லாமல் வீடு வந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு பிற்பகலில்தான் அதைப் பிரித்தாள். பழைய ஹார்ட் டிஸ்க் டிக், டிக் என்று அடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. மகளுக்கு அவர் சொன்ன கதைகள், குளியலறைப் பாட்டு, அவர் குரல் மொத்தமும் அதில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

"இன்னிக்கே நகலெடுத்துடுங்க அண்ணி," என்றான் கணினி பழுது பார்க்கும் கொழுந்தன், போனில். "அண்ணன் வாங்கின டிஸ்க்குல ஒரு தடவைதான் எழுத முடியும். அப்புறம் சேர்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. முடிஞ்சதும் அண்ணன் எப்பவும் செய்வாரே, அது மாதிரி ரெண்டுலயும் கோப்புகளை எண்ணிப் பாருங்க."

எண்ணினாள். ஹார்ட் டிஸ்க்கில் 1146 கோப்புகள். டிஸ்க்கில் 1147.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று எழுதினாள். நாற்பது நிமிடம். அதிலும் 1147.

"தம்பி, ஒண்ணு கூடுதலா காட்டுது."

"குறைஞ்சாதான் அண்ணி கவலை."

கூடுதல் கோப்பைத் தேடிப் பிடித்தாள். ஒலிப்பதிவு. இன்றைய தேதி. முதல் டிஸ்க்கில் மின்விசிறியின் முனகலும், சமையலறைக் குழாய் சொட்டும் சத்தமும், இதே டிக், டிக்கும் கேட்டன. அவற்றுக்கெல்லாம் அடியில், வாசல் பூட்டில் சாவி மெல்லத் திரும்பியது. எழுந்து போய்ப் பார்த்தாள். கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

இரண்டாவதில் செருப்பைக் கழற்றிக் காலால் ஓரம் தள்ளும் சத்தம். பிறகு கூடத்தில் நடை.

அவளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் முந்தியது. அவர் குரல் வேண்டும். இது வேண்டாம். அதைக்கூட அவருக்கு உருப்படியாகச் செய்யத் தெரியவில்லையே. மூன்றாவது டிஸ்க்கைப் போட்டாள். எழுதி முடிந்த கணம், ஹார்ட் டிஸ்க்கின் டிக், டிக் நின்றது. மறுபடி அடிக்கவில்லை.

மார்க்கர் மை வாசனை.

பேனா மேசையில்தான் இருந்தது. அவள் தொடவில்லை. மூடியைக் காணோம்.

மூன்றாவது டிஸ்க்கின் கூடுதல் கோப்பைத் திறந்தாள். நாற்காலி இழுபடும் சத்தம். ஒரு மூச்சு. பல்லிடுக்கில் எதையோ கடித்தபடி பேசும் குழறல்.

"போட்டாச்சு, மேடம்."

பக்கத்து நாற்காலியின் மெத்தை மெல்ல அழுந்தியது. அவள் திரும்பவில்லை. திரையையே பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

1147.