நிற்காத நீர்த்தூவல்

“நிறுத்தற பொத்தானை நான் அழுத்தினேன் அண்ணி. கட்டைவிரல் வலிக்குற அளவுக்கு அழுத்தினேன்.”

“நீ அழுத்தலன்னு மெஷின் சொல்லுது. அதுக்கு உன்மேல என்ன பகை?”

நாற்று வளர்க்கும் கண்ணாடிக்கூடத்தில், சற்றுமுன் ஓட்டிப்பார்த்த தூவலின் வெண்மை இன்னும் மிதந்துகொண்டிருந்தது. முகங்கள் கனவில் வருபவை போல அதில் கரைந்து தெரிந்தன. அழுத்தினேன் என்றவள் தோட்டக்காரி. மெஷினுக்காக வாதாடியவன் நீர்த்தூவலுக்கு ப்ரோகிராம் எழுதியவன். நேற்றுப் பிற்பகல் முழுவதும் தூவல் நிற்கவேயில்லை. முளைத்திருந்த நாற்றுகளெல்லாம் தட்டுகளிலிருந்து வழிந்துபோயின. ‘பொத்தான் அழுத்தப்படவில்லை’ என்ற அவனுடைய அறிக்கை சட்டைப்பையில் இருந்தது. முதலாளி கைக்குப் போனால் அவளுக்கு வேலை இருக்காது.

இருவருக்கும் நடுவில், தோட்டக்காரி ‘அண்ணி’ என்று கூப்பிட்ட அவன் மனைவி நின்றாள். எழுதிய ப்ரோகிராமை மெஷினுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித்தரும் கம்பைலர்களைச் சோதிப்பது அவள் தொழில். எதற்கும் அவசரப்படாததால் வீட்டில் அவள் பெயர் ஆமை. பொத்தானை அழுத்திப்பிடித்து, உள்ளே தெரிந்த இடுக்கைக் குனிந்து பார்த்தாள்.

“இங்க மண் காய்ஞ்சிருக்கு. உள்ள அமுங்கினாத்தான் இந்த இடத்துல விரல் படும். உங்க கையில மண் பட்டு நான் பார்த்ததில்ல.”

“மண்ணெல்லாம் சாட்சியா?” அவனுக்குச் சுருக்கென்றது. “வீட்டு மெஷின்ல நூறு தடவை ஓட்டினேன். நூறு தடவையும் நின்னுது. இங்கயும், ஒவ்வொரு சுற்றுலயும் என்ன நடக்குதுன்னு திரையில எழுதற மாதிரி ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். அழுத்தின உடனே நின்னுது.”

“நேத்து அந்த வரி இருந்துதா?”

“அது சோதனைக்கு மட்டும்.”

“எடுத்துட்டு ஓட்டுங்க.”

உற்சாகமாகவே எடுத்தான். வெள்ளைத்தூவல் மெல்ல இறங்கி மூவரையும் மூடியது. தோட்டக்காரி அழுத்தினாள். நிற்கவில்லை. அவனே உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினான். அது பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது. கடைசியில் மின்சாரத்தை அணைத்தான்.

“இங்க புது கம்பைலர் எப்ப போட்டீங்க?”

“போன சனிக்கிழமை. வீட்டுல இன்னும் பழசுதான்.” குரல் இறங்கிவிட்டது.

ஆமை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“உங்க ப்ரோகிராம்ல ரெண்டு வேலை ஒரே நேரத்துல ஓடுது. ஒண்ணு பொத்தானைக் கவனிச்சு, பொதுவான ஒரு இடத்துல ‘நிறுத்து’ன்னு குறிச்சு வைக்கும். இன்னொண்ணு தண்ணி தூவிக்கிட்டே அந்த இடத்தை எட்டிப் பார்க்கும். பழைய கம்பைலர் ஒவ்வொரு சுற்றுக்கும் பார்க்க விட்டுது. புதுசு சிக்கனம். ‘தூவற இடத்துல அதை யாரும் மாத்தலையே, எதுக்கு அலையணும்’னு ஒரே தடவை பார்த்து மனசுல வச்சுக்கிட்டுது. இவ அழுத்தினது குறிப்புல இருந்துது. படிக்கத்தான் ஆளில்ல. படிக்காததால மெஷின் பதிவுலயும் அது வரல.”

“அப்போ அந்த வரி?”

“திரையில எழுதறதுக்குத் தூவற வேலையை விட்டு வெளிய போய்ட்டு வரணும். அதுக்குள்ள எதாவது மாறியிருக்குமோன்னு மறுபடி பார்த்துது. வேவு பார்க்கறப்ப மட்டும் நல்ல பிள்ளை.”

“தப்பு புது கம்பைலர் மேலதான்!”

“இல்லங்க. அந்த இடம் ரெண்டு வேலைக்கும் பொதுன்னு ப்ரோகிராம்ல நீங்க ஒரு வார்த்தை எழுதியிருக்கணும். எழுதல. இத்தனை நாள் பழசு உங்களைக் காப்பாத்திச்சு.”

இலை நுனியிலிருந்து ஒரு சொட்டு அவன் கழுத்தில் விழுந்தது. பையில் இருந்த அறிக்கை நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

வெளியே கார் கதவைச் சாத்தும் சத்தம்.

தோட்டக்காரி மண் படிந்த கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“முதலாளி வந்துட்டாரு அண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டாரு. உங்க வாயால நீங்களே சொல்றீங்களா?”