மயாபெக்ஸ் செதுக்கிய வாய்

காற்று அசையாத நண்பகலில், ஆற்றோரக் காட்டில், ஒரு மகோகனி மரத்தின் வேர் நகர்ந்தது. மீன் பிடிக்கப் போன ஒருவன் அதைக் கண்டு வலையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்து ஊரில் சொன்னான். பூசாரி குவாத்தி காட்டுக்குப் போனார். கொகோபாப் பொடியை மூக்கில் இழுத்து, மயக்கத்தில் மரத்திடமே கேட்டார். பிறகு நேராக மயாபெக்ஸின் குடிசைக்கு வந்தார்.

"என்னை வெட்டிச் செமிச் சிலையாக்குங்கன்னு சொல்லுது. தெய்வம் உள்ள வந்து உக்காந்துருச்சு."

"நல்லது மாமா. யாரையாவது அனுப்புங்க."

"யாரையாவது இல்லப்பா. உன் பேரைச் சொல்லிக் கேட்டுச்சு."

உள்ளே மரவள்ளிக்கிழங்கைத் துருவிக்கொண்டிருந்த அராயாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சர் சர்ரென்று மறுபடி துருவியது.

மறுநாள் கல்கோடரியோடு போன மயாபெக்ஸுக்கு, அந்த மரத்தைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இடுப்பு உயரத்தில், பட்டையைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம். அந்தக் கயிற்றைக் கட்டியவன் அவன்தான்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன் அவன் அண்ணன் காவோனி காய்ச்சலில் விழுந்தான். பிழைக்கமாட்டான் என்று தெரிந்தால், தலைவனிடம் உத்தரவு வாங்கிக் காட்டில் மரத்தோடு தூளிபோலத் தொங்கல் கட்டிப் படுக்கவைத்து, ரொட்டியும் தண்ணீரும் வைத்துவிட்டு வருவது ஊர் வழக்கம். உத்தரவு கேட்டவன் மயாபெக்ஸ். "அண்ணனே கேக்குறான்" என்றான். அன்று காலை காவோனியின் நெற்றி குளிர்ந்திருந்தது; பசிக்கிறது என்று ரொட்டி கேட்டிருந்தான். அது தம்பிக்கு மட்டுமே தெரியும். அதன்பின் அண்ணனின் குடிசையும், தலைவன் முன்னால் அவன் உட்கார்ந்த மணையும், அவன் மனைவி அராயாவும் ஒவ்வொன்றாகத் தம்பியிடம் வந்தன. அராயா அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரே பாயில் படுத்தும் இன்றுவரை அவனைக் கொழுந்தனாரே என்றுதான் கூப்பிட்டாள்.

மரம் சாய்ந்தபோது இடிபோல முழங்கவில்லை. நோயாளி ஒருவன் பெருமூச்சோடு படுப்பதுபோல இலைகளின்மேல் மெல்ல இறங்கியது.

தவளை முகம் செதுக்கலாமென்று தொடங்கினான். உளி ஒரு பக்கம் போனால் மரம் வேறு பக்கம் பிளந்தது. குந்தியிருக்கும் கால்கள் வந்தன, முழங்கால்மேல் வைத்த கைகள் வந்தன, எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகள் வந்தன. உதிர்ந்த சீவல்கள் ஈரமாக இருந்தன. மரவாடை இல்லை, பல நாள் காய்ச்சலில் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த துணியின் புளித்த வாடை. உதடுகளை மூடித்தான் செதுக்கினான். மறுநாள் அவை திறந்திருந்தன. இடைவெளியில் சிப்பிப் பற்களைப் பதித்து அடைத்தான். அதற்கு மறுநாள் பற்களும் விலகியிருந்தன.

அராயா வந்து பார்த்தாள். "வாய் நல்லா வந்துருக்கு, கொழுந்தனாரே."

"யார் மாதிரி இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாததா?"

செமியை முற்றத்தில் நிறுத்திய அன்று வெயில் கொளுத்தியது. முரசு ஒலித்தது. எலும்புக் குச்சியைத் தொண்டையில் விட்டு எல்லாரும் வாந்தியெடுத்து உடம்பைச் சுத்தமாக்கிக்கொண்டார்கள். குவாத்தி பொடியை இழுத்துவிட்டு, சிவந்த கண்ணோடு, "நீ யாரு? என்ன வேணும்?" என்று கேட்டார். வெகுநேரம் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு சொல்லமாட்டேங்குது. தண்ணி கேக்குது."

"இதுவரைக்கும் வந்த சாமியெல்லாம் ரொட்டி கேட்டுச்சு. இது ஏழைச் சாமி போல" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

அராயா குடுக்கையைச் சாய்த்தாள். தாடையில் ஒரு துளி வழியவில்லை. மயாபெக்ஸ் அந்த வாயை நகக்கண் ஆழத்துக்குமேல் தோண்டியதே இல்லை. இரண்டாவது குடுக்கை. மூன்றாவது. மரக்கழுத்துக்குள் ஏதோ ஏறி இறங்கியது.

அன்று காட்டில் மயாபெக்ஸ் அண்ணனின் தண்ணீர்க் குடுக்கையைத் தொங்கலின் பக்கத்தில் வைக்கவில்லை. கிளையில் மாட்டினான். படுத்திருப்பவன் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. தன் கையை நீட்டி அளந்து பார்த்துத்தான் மாட்டினான். ஓடையைத் தாண்டும்வரை தம்பி, தம்பி என்ற குரல் கேட்டது. அவன் நடையைக் கூட்டினான்.

"உங்க கையால வேணுமாம்." அராயா நாலாவது குடுக்கையை அவனிடம் நீட்டினாள். அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறான்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கினான். நீட்டினான்.

செமியின் முழங்கால்கள்மேல் இருந்த கைகளைக் காணோம்.

அவன் மணிக்கட்டில் ஒரு பிடி. பட்டைபோல் சொரசொரப்பு. காய்ச்சல் சூடு.

முரசு நிற்கவில்லை. யாரும் கத்தவில்லை.

சிப்பிப் பற்களுக்கு அப்பால், அவன் செதுக்காத இருட்டிலிருந்து, வறண்டு வெடித்த நாக்கு ஒன்று வெளியே வந்தது. குடுக்கையைத் தொட்டது. அதை விட்டு விலகி, அவன் மணிக்கட்டில் துடித்துக்கொண்டிருந்த நரம்பைத் தேடி நீண்டது.