வால்வை மூடிய பிறகும்

சிலிண்டர் வால்வை இறுக மூடிய பிறகும் ஃபோர்க்லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்தால் உதயாவுக்கு ஒரே வழக்கம்தான். முதலில் வால்வை மூடுவான். குழாயில் மிச்சமிருக்கும் கேஸைக் குடித்துத் தீர்த்துவிட்டு, என்ஜின் இரண்டு தரம் இருமித் தானாகவே அடங்கும். அப்புறம்தான் சாவியைத் திருப்புவான். கூடிப்போனால் ஒரு நிமிடம். இன்றைக்குப் பத்து நிமிடமாகியும் அந்த இருமலைக் காணோம்.

பன்னிரண்டு நாள் தாமதித்துத் தீவுக்கு மெயின்லேண்ட் கப்பல் வந்திருந்தது. புரோத்ராபூர் குடோன் முழுக்க அரிசி மூட்டை. இடம் போதாமல் பக்கத்துக் கதவையும் மறைத்து அடுக்கியவன் அவனேதான், மடையன். சாரலுக்குப் பயந்து இறக்கிய ஷட்டர் கரண்ட் போனதில் அப்படியே நின்றுவிட்டது. பிற்பகல் மழை தகரக் கூரையில் கொட்ட, ஈரச் சாக்கு வாடையும் சூடான எண்ணெய் வாடையும் கலந்த அந்த அரையிருட்டில், என்ஜின் மட்டும் அவசரமே இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னங்க, தலை சுத்துது. அதை பந்த் பண்ணுங்க." சோறு கொண்டுவந்த அவன் மனைவி சுகுணா, மழைக்கு உள்ளேயே தங்கியிருந்தாள்.

"பண்ணிட்டேன் புள்ள. நிக்க மாட்டேங்குது."

மூடிய இடத்தில் அந்தப் புகை ஆளைக் கொல்லும் என்று அவனுக்குத் தெரியும். சாவியைத் திருப்பினான். ஓடியது. குழாயைக் கழற்றி, சிலிண்டரையே இறக்கிக் கீழே வைத்தான். அப்போதும் ஓடியது.

வெளியே யாராவது இருந்தால் திறக்கட்டும் என்று ஷட்டரை ஓங்கி ஓங்கிக் குத்தினான். "கோயி ஹை? ஜல்தி கோலோ!"

மழைச் சத்தம்தான் கேட்டது.

திரும்பினான். சுகுணா மூட்டைமேல் சரிந்து கிடந்தாள். கழற்றிவிட்ட குழாய் தரையோடு நீண்டுபோய் அவள் உதட்டில் ஒட்டியிருந்தது.

அவள் மார்பு ஒடுங்கியது. என்ஜின் உறுமியது. மறுபடி ஒடுங்கியது. மறுபடி உறுமல்.

பிடித்து இழுத்தான். வரவில்லை. அவள் நகமெல்லாம் நீலம்.

"அவளை விட்டுரு!" கதறினான். "என்னை எடுத்துக்க!"

குழாய் விட்டது.

சுகுணா இருமிக்கொண்டே எழுந்தாள். "என்னங்க? எங்க இருக்கீங்க?"

அவன் வாயில் குழாய். கன்னம் உள்ளே போனது. கண்ணும் உள்ளே போனது. என்ஜின் இப்போது இன்னும் சீராக ஓடியது.

முன்விளக்கு தானாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் சுகுணா அவனைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கில்தான், தன் முகம் என்னவாகிவிட்டது என்று உதயாவுக்குத் தெரிந்தது.